மயிலிட்டி மீன் எங்கே போகிறது?

யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய் வருகிறார்கள். கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலைக் கேணி, கடைசியில் ஆளுக்கொரு ஐஸ்கிறீம். அத்தோடு வான் திரும்பிவிடுகிறது. வாசக நேயர்களே, உங்களுக்கு அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் சுபஹுத் தொழுத கையோடு புறப்பட்டு மயிலிட்டிக்கும் போய் வாருங்கள். யாழ் நகரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்குள்தான். வழி நெடுகச் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, வாழை. தெல்லிப்பழை தாண்டியதும் வீடுகள் குறையும். கூரையில்லாத சுவர்கள் தென்படும். பிறகு திடீரென்று கடல்.

வெளியே போய்ச் சாப்பிடுவதைப் பற்றி, அதுவும் இந்தியச் சாப்பாடு, ஜப்பான் சாப்பாடு பற்றி எழுத வந்தவர் துறைமுகத்தில் நின்று என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஓர் உணவகத்தில் அழகான தட்டில் வைத்து உங்கள் முன்னால் நீட்டப்படும் மீன் துண்டு நல்லதா கெட்டதா என்று அறிய வேண்டுமானால், அந்த மீன் கரையேறும் இடத்தில் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். மயிலிட்டியில் நின்று பார்த்த கண்ணுக்கு அதன்பிறகு எந்த ஹோட்டல்காரரும் எளிதில் மண் தூவ முடியாது.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பதினெட்டு அடி பைபர் படகுகள் இருட்டோடு இருட்டாகப் போய், விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. வலையிலிருந்து மீனைக் கழற்றிக் கூறு போடுகிறார்கள். விளைமீன், பாரை, சீலா, ஒட்டி, ஓரா, கணவாய், இறால். அதிர்ஷ்டமிருந்தால் ஓர் அறக்குளா. இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் வஞ்சிரம் என்று பெயர் சொல்லி விலை கேட்டு மயங்குவீர்களே, அதுதான் எங்கள் அறக்குளா. மீனின் கண் கண்ணாடி போல இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்பு. விரலால் அழுத்தினால் சதை உள்ளே போய் உடனே மேலே வரும். வாடை என்று ஒன்று இல்லை. கடலின் மணம் மட்டும்தான். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டு இடப்பெயர்வுகள்

இந்தக் கரை இருபத்தேழு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஒரு காலத்தில் இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த இடம். மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வரிசையாகக் கட்டி நிற்குமாம். ஐஸ் அடித்த மீன் லொறிகள் கொழும்புக்குப் புறப்பட்ட வண்ணம் இருக்குமாம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். பலாலிப் படைத்தளமும் விமான நிலையமும் பக்கத்திலே இருப்பதால் ஊர் முழுவதும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. கடல் தொழில் தெரிந்தவர்கள் பருத்தித்துறைப் பக்கத்துக் கரைகளில் விருந்தாளிகளாகத் தொழில் செய்தார்கள். தன் கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க, அடுத்தவன் கரையில் இடம் கேட்டு வள்ளம் இழுப்பது எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலை 3ஆம் திகதிதான் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் திரும்பக் கிடைத்தன.

நான் அங்கே நின்றபோது வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, “தம்பி, சோனகதெருவோ?” என்று கேட்டார். “ஓம் ஐயா, உம்மாவின்ர ஊர்” என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஊசியை மட்டும் ஓட்டினார். பிறகு, “நாங்கள் ஆனியில வெளிக்கிட்டம், நீங்கள் ஐப்பசியில” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். விளக்கம் தேவைப்படவில்லை. 1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகர முஸ்லிம்களை இரண்டே மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய கதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் போய் விழுந்தார்கள். மயிலிட்டியாருக்கும் சோனகதெருவாருக்கும் ஊரை விட்டுப் போகச் சொன்னவர்கள் வேறு வேறு. ஆண்டு ஒன்று. இரு சாராருக்கும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.

இப்போது துறைமுகத்தில் புதுக் கட்டடங்கள் இருக்கின்றன. 2018இல் அடிக்கல் வைத்து 2019இல் முதற்கட்டம் திறந்தார்கள். மூன்றாம் கட்ட வேலையை 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். ஆனால் ஊரவர்களின் மனக்குறை தீரவில்லை. தென்பகுதிப் பலநாள் படகுகளும் இங்கே வந்து கட்டுகின்றன. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகளைக் கொண்டுவந்து நிறுத்தி வைக்கிறார்கள்; அவை வழக்கு முடியும்வரை இடத்தை அடைத்துக்கொண்டு துருப்பிடிக்கின்றன. அடிமடி இழுவையை 2017இல் சட்டமே தடை செய்துவிட்டது. கடலின் அடியை வாரிக்கொண்டு போகிறவனுக்குச் சட்டம் எங்கே தெரிகிறது? ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வலை அத்தனையும் போய்விடும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 60 கடல் மைல்தான். கப்பல் சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. இரு கரையிலும் வயிறு ஒன்றுதான். பேச்சுத்தான் இன்னும் முடிந்தபாடில்லை.

இருபது கிலோமீட்டரில் மாறிப்போன மீன்

மயிலிட்டியில் உட்கார்ந்து சாப்பிட ஓர் உணவகம் தேடினீர்களானால் ஏமாந்து போவீர்கள். தேத்தண்ணிக் கடை உண்டு. வடையும் ‘பிளேன்ரீ’யும் கிடைக்கும். மீன் சாப்பாடு கேட்டால் நகரத்துக்குப் போகச் சொல்வார்கள். நாங்களும் நகரத்துக்குத்தான் போனோம்.

யாழ்ப்பாணத்தில் சண்டை ஓய்ந்த பிறகு உணவகங்கள் மழைக்காலக் காளான் போலப் பெருகின. அவற்றில் ‘வட இந்திய’ உணவு என்று பலகை மாட்டியவை சில. பெயர் எதற்கு, அப்படி ஒன்றில் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தோம். குளிரூட்டிய அறை, பெண்கள் பிள்ளைகளோடு இருக்கத் தனி இடம், எல்லாம் வசதி. ‘பிஷ் டிக்கா’ கொண்டுவரச் சொன்னோம். வந்தது. பெருநாள் சட்டை போலச் சிவப்பு! வாயில் வைத்தால் பஞ்சு. முள்ளுமில்லை, ருசியுமில்லை. பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, “இது என்ன மீன் தம்பி?” என்று மெதுவாகக் கேட்டேன். “அது பெட்டியில வாறது, கொழும்பிலயிருந்து. வெளிநாட்டு மீன். முள் இருந்தா ஆக்கள் சாப்பிட மாட்டினம்” என்றான், பாவம், உள்ளதைச் சொன்னான்.

காலையில் கண் மின்னும் பாரையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு எப்படியிருக்கும்! மயிலிட்டி மீன் லொறியில் கொழும்புக்குப் போகிறது. எங்கோ ஒரு வெளிநாட்டுக் குளத்தில் வளர்ந்து உறைந்துபோன மீன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. வழியில் எங்காவது இரண்டு லொறியும் ஒன்றையொன்று பார்த்து விளக்கு அடித்துக்கொண்டிருக்கும். குற்றம் கடைக்காரர் தலையில் மட்டும் இல்லை. முள்ளைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகளை வளர்த்து வைத்திருப்பது யார்?

தந்தூர் அடுப்பு நல்ல மீனுக்குத் துரோகம் செய்யாது. மண்ணால் செய்த ஆழமான அடுப்பு, அடியில் கரி. உள்ளே வெப்பம் 400 பாகை செல்சியஸைத் தொடும். தயிர், எலுமிச்சம் புளி, இஞ்சி, உள்ளி, சிறிது ஓமம் பூசிய கெட்டிச் சதை மீனை அதற்குள் இறக்கினால் சில நிமிடங்களில் வெளிப்புறம் முறுகி, உள்ளே ஈரம் குறையாமல் வெந்துவிடும். கோழியைப் போல இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. புளிப்பில் மீன் கரைந்துவிடும். கெட்டிச் சதை என்றால் அறக்குளா, பாரை. இரண்டும் மயிலிட்டியில் இறங்குகின்றன. சிவப்புச் சாயம் இதில் எந்த இடத்திலும் தேவையில்லை.

இந்த ‘தந்தூரி’ உணவக வழக்கம் எப்படிப் பரவியது என்பதும் ஓர் இடப்பெயர்வுக் கதைதான். 1947இல் நாடு பிரிந்தபோது பெஷாவரிலிருந்து டில்லிக்கு வந்த குந்தன் லால் குஜ்ரால் முதலானோர் ‘மோதி மஹால்’ தொடங்கினார்கள். அங்கிருந்துதான் தந்தூரிக் கோழி உலகம் சுற்றப் புறப்பட்டது. அதே டில்லியில் ஜும்ஆ மஸ்ஜித் பக்கத்தில் ‘கரீம்’ 1913 முதல் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951இல் ‘புஹாரி’ வந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் கையில் வேறு ஒன்றும் இல்லாதபோது அடுப்பு இருந்தது. இன்று யாழ்ப்பாணத்தில் பட்டர் சிக்கன் என்று வருவதில் அந்தக் கதையின் வாடையும் இல்லை. ஒரே குழம்பைப் பெரிய சட்டியில் காய்ச்சி வைத்துக்கொண்டு கோழிக்குக் கொஞ்சம், பன்னீருக்குக் கொஞ்சம், இறாலுக்குக் கொஞ்சம் என்று ஊற்றுகிறார்கள். மூன்று கறி கேட்டு மூன்றும் ஒரே ருசியாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இறைச்சி விசயத்தில் சந்தேகம் வந்தால் நம் பெரியவர்கள் செய்தது போலச் சைவக் கடைக்குள் நுழைந்துவிடுவது நிம்மதி. யாழ் நகரப் பெரிய கடைப் பக்கத்து ‘மலாயன் கபே’யில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்ட நினைவு சோனகதெருவின் பல வாப்பாமாருக்கு உண்டு. ஐந்துசந்திப் பக்கம் போனால் திரும்பி வந்த நம் ஆட்களின் கடைகளில் கொத்தும் இறைச்சிக் கறியும் கிடைக்கும். அங்கே யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. பெரிய கட்டடம் என்று மயங்காதீர்கள்.

பச்சை மீன்

மீண்டும் அந்த முதியவரிடம் வருகிறேன். ஜப்பான்காரர்கள் மீனைச் சமைக்காமல் சாப்பிடுகிறார்கள், கொழும்பில் அதற்கு ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “பச்சையாத் தின்ன நாங்கள் என்ன கொக்கே?” என்றார்.

அவர் சிரித்தாலும், ஜப்பானிய உணவகத்தில் முதல் தரமென்று மதிக்கப்படும் மீன் அவர் படகில் வரும் மீனைப் போன்றதுதான். பலநாள் படகு மூன்று நான்கு வாரம் கடலில் நிற்கும். முதல் வாரம் பிடித்த மீன் கரைக்கு வரும்போது ஐஸுக்குள் இருபது நாள் கிடந்திருக்கும். ஏற்றுமதிக்காரர் கடைசி நாட்களில் பிடித்ததைத்தான் பொறுக்கி எடுப்பார். தென்பகுதியில் கெலவல்லா என்று சொல்கிற மஞ்சள் துடுப்புச் சூரை இப்படித்தான் விமானமேறி ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நம் மீனைத் தடுத்து, 2016இல் மீண்டும் அனுமதித்தது சிலருக்கு நினைவிருக்கலாம். ஜப்பானியர் மீனைப் பிடித்த மறுகணமே மூளையில் கூரான கம்பியால் குத்தி, இரத்தத்தை வடித்து, ஐஸில் போடுவார்கள். துடித்துத் துடித்துச் சாகும் மீனின் சதை சூடேறிக் கெட்டுப்போகும் என்பது அவர்கள் கணக்கு.

கொழும்பில் ஜப்பானிய உணவகம் என்றால் 1995இல் தொடங்கிய ‘நிஹோன்பாஷி’யைத்தான் முதலில் சொல்வார்கள். தர்ஷன் முனிதாச என்பவர் தொடங்கியது. அவருடைய தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். பிறகு கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து 2011இல் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறந்தார். (நண்டு கூடுமா கூடாதா என்பதில் நம்மவருக்குள் இரண்டு கருத்து உண்டு. அந்தச் சண்டையை இங்கே இழுக்க விரும்பவில்லை.) நம் நாட்டு நல்ல மீனும் நண்டும் அதுவரை ஏற்றுமதிப் பெட்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்தன, இங்கிருப்பவர்களுக்கு மிச்சம்தான். அதை இங்கேயே, இங்குள்ளவர் மேசையில் வைக்க முடியும் என்று காட்டியது பெரிய காரியம். விலை நம் கைக்கு எட்டாது என்பது வேறு கதை.

ஜப்பான் சமையல் நமக்கு அந்நியம் என்று நினைக்கிறோம். அதன் அடிப்படை ருசி எதில் இருக்கிறது தெரியுமா? சூரையை அவித்து, புகை போட்டு, கல்லைப் போல உலர்த்தி, சீவிச் சுடுநீரில் போட்டு எடுக்கும் சாற்றில். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கட்சுஓபுஷி. நாம் சொல்வது மாசி! மாலைதீவிலிருந்து வருகிற அதே மாசி. உம்மாமார் இடித்துச் சம்பல் போடுகிற அதே மாசி. அவர்கள் பூஞ்சணம் பிடிக்கவைத்து இன்னும் உலர்த்துவது ஒன்றுதான் வித்தியாசம். பாணும் அப்படியே. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1543இல் ஜப்பானுக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் ரொட்டிக்குத் தங்கள் சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் காலையில் ‘பாண்’ வாங்குகிறோம். டோக்கியோவிலும் ‘பான்’ என்றுதான் வாங்குகிறார்கள். இறாலை மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவும் அதே போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதான்.

சரி, நாம் அங்கே போய் என்ன சாப்பிடலாம்? மீன் நமக்கு அறுக்காமலே ஹலால். பச்சையாக இருப்பதால் அது ஹராமாகாது. சிக்கல் மீனில் இல்லை, அதைச் சுற்றி இருப்பதில். மிரின் என்பது இனிப்பான அரிசி மது. அசல் மிரினில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு மதுசாரம் இருக்கும். விலாங்கு மீன் மேல் தடவும் பாகு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, மடித்த முட்டை எல்லாவற்றிலும் இதை ஊற்றுவது அவர்கள் வழக்கம். நூடில்ஸ் சூப்பில் டொன்கொட்சு என்று எழுதியிருந்தால் அது பன்றி எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சியது. கியோசா கொழுக்கட்டையின் உள்ளீடும் பெரும்பாலும் பன்றிதான். சில மிசோவில் கெடாமலிருக்க மதுசாரம் சேர்ப்பார்கள். சோயா சோஸில் புளிக்கும்போது தானாக உண்டாகும் சிறு அளவு மதுசாரம் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று சகோதரிகளுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கொழும்பு உணவகத்தில் நாங்கள் கேட்டபோது பரிமாறுகிறவர், “அல்கஹோல் ஒன்றும் இல்லை சேர்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் மனைவி விடவில்லை. “குசினிக்குள்ளே கேட்டு வாருங்கள் தம்பி” என்றார். உள்ளேயிருந்து சமையற்காரரே வந்துவிட்டார், கையில் போத்தலோடு! லேபலைக் காட்டி, “இதைப் போடாமல் உங்களுக்கு வேறாகச் செய்து தருகிறேன், சோற்றுக்கு வினாகிரியும் சீனியும் மட்டும் போதும்” என்றார். முஸ்லிமல்லாத அந்த மனிதரின் நேர்மை அன்றைய சாப்பாட்டை விட ருசித்தது. 2013இல் ஹலால் சான்றிதழைச் சுற்றி எத்தனை கூச்சல் கிளம்பியது! ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பணியிலிருந்து விலகி, தனி அமைப்பு ஒன்று அதை ஏற்க வேண்டி வந்தது. ஆனால் மேசையில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் உண்மையான பதில்தான் கிடைக்கிறது.

மோசமான ஜப்பானிய உணவகத்தை எப்படி அறிவது? சோற்றைத் தொட்டுப் பாருங்கள். சுஷிச் சோறு உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்தது என்றால் அரிசி கல்லாகியிருக்கும். பெரிய கடைத்தொகுதி ஒன்றில் பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கினோம். பிள்ளைகள் அதைக் கேரம் காய் போலச் சுண்டி விளையாடினார்கள். பச்சை நிறக் களிம்பு வசாபி என்று தருவார்கள். அநேகமாக அது குதிரைமுள்ளங்கியில் சாயம் போட்டதுதான். மீன் விசயத்தில் இன்னும் கவனம் தேவை. சூரை இன மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். முகம் சிவந்து, உடல் கடித்து, தலை இடிக்கும். சமைத்தாலும் அது போகாது. கடல் மீனின் சதையில் இருக்கும் சிறு புழுக்கள் சமைத்தால் சாகும். பச்சையாகத் தருவதானால் –20 பாகைக்குக் கீழே ஏழு நாள் உறையவைத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் பச்சை மீனைத் தொடாமல் இருப்பதே நல்லது. “மீன் எப்போது வந்தது?” என்ற கேள்விக்கு எரிச்சல் படுகிற கடையை விட்டு எழுந்து வாருங்கள்.

ஜப்பானுக்கே படிக்கவும் வேலைக்கும் போயிருக்கிற நம் பிள்ளைகளின் பாடு வேறு மாதிரி. அங்கே அவர்கள் தேடிப் போவது இந்தியக் கடையை! ஜப்பானில் அந்தக் கதையும் பழையது. ஆங்கிலேயருக்குத் தப்பி 1915இல் அங்கே போன ராஷ் பிஹாரி போஸ், தாம் மணமுடித்த குடும்பத்தின் ‘நகமுராயா’ கடையில் 1927இல் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். இன்னொரு சுதந்திரப் போராளியான மலையாளி ஏ. எம். நாயர் 1949இல் டோக்கியோ கின்சாவில் உணவகம் திறந்தார். அதற்கு முன்பே ‘கறி’ என்ற நம் சொல் ஆங்கிலேயர் வாய் வழியாகப் போய் ‘கரே’ ஆகி, ஜப்பானியக் கடற்படையின் சாப்பாடாகிவிட்டிருந்தது. இன்று அங்குள்ள இந்தியக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் நேப்பாளிகள். தட்டை விடப் பெரிய நான் ரொட்டி, இனிப்பான கறி. ஹலால் பலகை வைத்த கடைகளும் பல. கோபே நகரத்தில் 1935இல் கட்டிய பள்ளிவாசல், 1945 குண்டுவீச்சையும் 1995 பூகம்பத்தையும் தாங்கி நிற்கிறது. அதன் சுற்றுவட்டாரத்தில் ஹலால் இறைச்சியும் கறித்தூளும் வாங்கலாம்.

திரும்பவும் மயிலிட்டி. அங்கே போகிறவர்கள் உணவகத்தை மறந்துவிடுங்கள். காலையில் மீன் வாங்கி, தங்குகிற இடத்தில் சமைத்துத் தரக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து விடுதி வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் முகம் கோணாமல் செய்து தருகிறார்கள். முடிந்தால் ஒடியற் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவு, புளி, செத்தல் மிளகாய், பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, அதற்குள் மீன் தலை, இறால், கணவாய். பனையோலைப் பிளாவில் வார்த்து, சூடு ஆறுமுன் குடிக்க வேண்டும். ஜப்பான்காரருக்கும் தெரியாது, டில்லிக்காரருக்கும் தெரியாது. எந்த உணவகமும் இதைச் சரியாகச் செய்து நான் பார்க்கவில்லை. இது பத்துப் பேர் சட்டியைச் சுற்றி உட்காரும் வீட்டுச் சாப்பாடு.

ஊருக்கு மீன் கொண்டு வருவதானால் யாழ் நகரிலேயே ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள். கரையிலே வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் எடுத்துவிடச் சொல்லி, வயிற்றுக்குள்ளும் உடைத்த ஐஸைத் திணியுங்கள். அடியில் ஒரு படை ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். பெட்டியின் அடியில் சிறு துளை வைத்தால் தண்ணீர் வடியும். தண்ணீரில் ஊறிய மீன் கொழும்புக்கு வருமுன் குழைந்துவிடும். வவுனியாவில் வண்டியை நிறுத்தி ஐஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரை வாங்காதீர்கள், அவ்வளவு தூரம் தாங்காது. பாரையும் விளைமீனும் தாங்கும். அறக்குளா கிடைத்தால் விலை பேச நேரம் கடத்த வேண்டாம், கொழும்பு வியாபாரியின் ஆள் உங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.